சூரியன் கீறும் கோடு

கடலிலிருந்து திருகோணமலையை நோக்கி வரும் கப்பலுக்குத் தான் நிற்கும் இடம் நேரடியாகத் தெரிவதில்லை. அதன் கையில் இருப்பவை நிபந்தனைகள் மட்டுமே. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களுக்கு இடையே இத்தனை பாகை. அடியில் இத்தனை மீட்டர் தண்ணீர். தொடுவானத்துக்கு மேலே சூரியன் இவ்வளவு உயரத்தில். இப்படி ஒவ்வொரு நிபந்தனையும் கடல் வரைபடத்தில் ஒரு வளையியாக விரிகிறது. கப்பல் அந்த வளையியில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. எந்தப் புள்ளி என்று சொல்ல முடியாவிட்டாலும், அந்த வளையி நமக்குப் பக்கத்தில் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்ல முடியும். வளையியை ஒரு புள்ளியில் தொட்டு, அதே திசையில் செல்லும் நேர்கோடுதான் தொடலி. மாலுமிக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

பழைய மாலுமிகள் பயன்படுத்திய ஆபத்துக் கோணத்திலிருந்து தொடங்குவோம். கரைக்குச் சற்று வெளியே பாறைகள் இருக்கின்றன. அவற்றை விட்டு விலகிப் போக வேண்டும். கரையில் இரண்டு அடையாளங்கள் தெரிகின்றன. திருகோணமலையில் என்றால் பவுல் பொயின்ற் வெளிச்சவீட்டையும் ரவுண்ட் தீவு வெளிச்சவீட்டையும் வைத்துக்கொள்ளலாம். மாலுமி செக்ஸ்டன்ட் கருவியைக் கிடையாகப் பிடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளக்கிறார். கரையை நெருங்க நெருங்க அந்தக் கோணம் விரியும். விலக விலகக் குறுகும். பாறைகளைச் சுற்றிப் போகும் எல்லையில் கோணம் எவ்வளவு என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டால், கடலில் ஒரே ஒரு விதி போதும்: கோணத்தை அதற்கு மேல் விரிய விடாதே.

அந்த எல்லை என்ன வடிவம்? சாதாரண தரக் கணிதம் படித்தவர்களுக்கு விடை தெரியும். ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமன் என்ற தேற்றத்தைத் திருப்பிப் போட்டால், ஒரே கோணம் தரும் இடங்களெல்லாம் ஒரு வட்டத்தின் வில்லில் கிடக்கின்றன. பரீட்சைக்காகப் படித்து மறந்துபோன தேற்றம் கப்பல்களைப் பாறையிலிருந்து காத்திருக்கிறது.

எண்களை இட்டுப் பார்ப்போம். கரையில் கிழக்கு மேற்காக இரண்டு அடையாளங்கள், இடையே 6 அலகு, வடக்கே கடல். (உண்மையான வெளிச்சவீடுகளை இணைக்கும் கோடு சரிந்து கிடக்கும். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டால் கணக்கு மாறாது.) இரண்டுக்கும் நடுப்புள்ளியிலிருந்து கிழக்கே எவ்வளவு தூரம் என்பதைக் கி என்றும், வடக்கே எவ்வளவு தூரம் என்பதை வ என்றும் குறிப்போம். மேற்கே போனால் கி மறையெண். ஆபத்துக் கோணம் ஏறத்தாழ 36.87 பாகை என்றால், எல்லை வட்டம் இது:

கி² + (வ − 4)² = 25

கிழக்கு அடையாளத்துக்கு நேர் வடக்கே 8 அலகு தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அதாவது கி = 3, வ = 8. இட்டுப் பார்த்தால் 9 + 16 = 25; கப்பல் சரியாக எல்லையில் இருக்கிறது. இந்த எல்லையை ஒட்டியே போக வேண்டுமானால் கப்பலின் முகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும்?

பள்ளிக்கூடத்துப் பழக்கம் உடனே வ-வைத் தனியே பிரித்தெடுக்கச் சொல்லும். பிரித்தால் வ = 4 கூட்டல் அல்லது கழித்தல் √(25 − கி²) என்று வருகிறது. ஒரு வட்டம் இரண்டு துண்டாகி, மேல் பாதிக்கு ஒரு சூத்திரம், கீழ்ப் பாதிக்கு இன்னொன்று. இரண்டிலும் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வட்டத்துக்கு இந்த வழி எப்படியோ ஒப்பேறும். இன்னும் கொஞ்சம் சிக்கலான வளையி வந்தால் வ-வைப் பிரித்தெடுக்கவே முடியாமல் போகலாம்.

பிரித்தெடுக்கத் தேவையே இல்லை. கப்பல் எல்லையில் ஒரு சிறு தூரம் நகர்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கி கொஞ்சம் மாறும், வ-வும் கொஞ்சம் மாறும். ஆனால் கப்பல் இன்னும் எல்லையில்தான் இருக்கிறது. ஆகவே சமன்பாட்டின் இடப்பக்கம் 25 ஆகவே நிற்க வேண்டும். கி ஒரு சிறு அளவு கூடினால் கி² எவ்வளவு கூடும்? (கி + சிறு)² என்பதை விரித்தால் கி² + 2கி × சிறு + சிறு². கடைசி உறுப்பு மிகமிகச் சிறியது; விட்டுவிடலாம். ஆகவே கூடுதல் 2கி × (கி-யின் மாற்றம்). அதே போல மற்ற உறுப்பின் கூடுதல் 2(வ − 4) × (வ-வின் மாற்றம்). மொத்தம் மாறக் கூடாது என்பதால் இரண்டையும் கூட்டினால் பூச்சியம். வ-வின் மாற்றத்தைக் கி-யின் மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் படித்திறன். அதை ப என்று எழுதினால்:

2கி + 2(வ − 4) ப = 0
ப = −கி ÷ (வ − 4)

கப்பலின் இடத்தில் ப = −3 ÷ 4. கிழக்கே 4 அலகு போனால் தெற்கே 3 அலகு இறங்க வேண்டும். அந்தத் தொடலியின் சமன்பாடு வ − 8 = −¾ (கி − 3). வட்டத்தின் மையம் (0, 4). அங்கிருந்து கப்பலுக்கு வரும் ஆரையின் படித்திறன் 4 ÷ 3. இரண்டையும் பெருக்கினால் −1. ஆரைக்குத் தொடலி செங்குத்து என்று யூக்கிளிட் சொன்னதோடு நம் விடை ஒத்துப்போகிறது.

இதற்குக் கணித நூல்கள் வைத்திருக்கும் பெயர் உட்படு வகையிடல். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உயர்தர வகுப்புகளில் இதை ஒரு தந்திரமாகவே கற்பிக்கிறார்கள்: ‘வ வருமிடமெல்லாம் பக்கத்தில் ப-வைப் பெருக்கு, பிறகு ப-வைப் பிரித்தெடு.’ விடை சரியாக வந்துவிடும். ஏன் வருகிறது என்று கேட்டால் மாணவர் விழிப்பார். நிபந்தனை மாறாமல் நகர்வது என்ற ஒரே எண்ணம்தான் இதன் உயிர். அது பிடிபட்டால் விதியை மனனம் செய்யத் தேவையில்லை. மறந்தாலும் இரண்டு நிமிடத்தில் மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.

சூத்திரத்தின் பகுதியையும் கவனியுங்கள். வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், (5, 4) என்ற இடத்தில், பகுதி பூச்சியமாகிறது. −5 ஐப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. சூத்திரம் பிழைக்கவில்லை, தொடலி அங்கே நேர் வடக்குத் தெற்காக நிற்கிறது என்று அது தன் பாஷையில் சொல்கிறது. தொகுதி, பகுதி இரண்டுமே பூச்சியமானால் கதை வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்த விஷயத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. 1638இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், தன் நாட்டுக்காரரான பெர்மாவின் தொடலி காணும் முறையை மதிக்காமல், ஒரு வளையியைக் கொடுத்து இதற்குத் தொடலி போட்டுக் காட்டும்படி சவால் விட்டார். இன்றைய எழுத்தில் அது கி³ + வ³ = 9கிவ போன்ற ஒன்று. ஒரு மடலும் இரண்டு பக்கமும் நீளும் வால்களுமாக இருப்பதால் அதை டேக்கார்ட்டின் இலை என்பார்கள். இதில் வ-வைப் பிரித்தெடுக்கப் போனால் முப்படிச் சமன்பாடு வழிமறிக்கும். பெர்மா பிரித்தெடுக்கப் போகவில்லை. தொடலியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நம் வழியில் ஒரே வரி: ப = (3வ − கி²) ÷ (வ² − 3கி). வளையியில் உள்ள (2, 4) என்ற புள்ளியில் 8 ÷ 10, அதாவது ⅘. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1684இல் லைப்னிட்ஸ் தன் நுண்கணிதத்தை முதன்முதலாக அச்சிட்டபோது, பின்னங்களும் மூலங்களும் இந்த முறையைத் தடுக்காது என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார். தொடலி அக்காலத்தில் அவ்வளவு பெரிய பிரச்சினை.

கடல் வரைபடத்தில் சம ஆழக் கோடுகளும் இதே இனம். திருகோணமலையின் உள்துறைமுகத்தில் சோபர் தீவுகளைச் சுற்றி அவை வளைந்து மூடிக்கொள்கின்றன. கொட்டியாரக்குடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வந்துவிடுவதால் அங்கே நெருக்கியடித்து ஓடுகின்றன. ‘ஆழம் = 20 மீட்டர்’ என்ற நிபந்தனையிலிருந்து கோட்டின் திசை வேண்டுமானால், கிழக்கே ஒரு சிறு தூரம் போனால் ஆழம் எவ்வளவு மாறுகிறது, வடக்கே போனால் எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டு எண்கள் போதும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து மறைக்குறி போட்டால் படித்திறன். ஆழத்துக்குச் சூத்திரம் தேவையில்லை, அளவுகள் போதும்.

இனிச் சூரியனுக்கு வருவோம். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

திருகோணமலை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. 1782 செப்டம்பர் 3ஆம் திகதி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலைக்கு வெளியே மோதினார்கள்; அந்தச் சண்டையின் நினைவாகப் பெயரிட்ட கப்பலை பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டினார்கள். 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி அது தண்ணீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அந்தக் கப்பல் கடலுக்குப் புறப்பட்ட காலத்தில் இடம் அறியும் வழி இதுதான்: நண்பகலில் சூரியனின் உச்ச உயரத்தை அளந்தால் அகலக்கோடு கிடைக்கும். காலையிலோ மாலையிலோ இன்னொரு முறை அளந்து, கப்பலிலுள்ள துல்லியக் கடிகாரத்தோடு சேர்த்துக் கணித்தால் நெடுங்கோடு கிடைக்கும். ஆனால் நெடுங்கோட்டுக் கணக்கைச் செய்ய முதலில் அகலக்கோடு தெரிந்திருக்க வேண்டும். நண்பகலில் மேகம் மூடிவிட்டால் எல்லாம் தடைப்படும்.

1837 டிசம்பர் 17ஆம் திகதி தோமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கப்டனுக்கு அதுதான் நேர்ந்தது. தென் கரோலினாவின் சார்ள்ஸ்டனிலிருந்து ஸ்கொட்லாந்தின் கிரீனொக் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அயர்லாந்துக்குத் தெற்கே, பலத்த காற்று, பல நாளாக வானம் மூடியிருந்தது, கரை பக்கத்தில். காலை பத்து மணியளவில் மேகம் சற்று விலக, சூரியனை ஒரே ஒரு முறை அளக்க முடிந்தது. அகலக்கோடு நிச்சயமாகத் தெரியாது. தன் ஊகத்தை வைத்து ஒரு முறை நெடுங்கோட்டைக் கணித்தார். பிறகு அகலக்கோட்டைப் பத்துக் கலை வடக்கே தள்ளி மறுபடி கணித்தார். இன்னும் பத்துக் கலை தள்ளி மூன்றாம் முறையும் கணித்தார். மூன்று விடைகளையும் வரைபடத்தில் குறித்தபோது அவை ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அந்தக் கோட்டை நீட்டினால் ஸ்மோல்ஸ் வெளிச்சவீட்டின் வழியே சென்றது. கப்பல் கோட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது சம்னருக்குத் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை. கோட்டின் திசையில் கப்பலைச் செலுத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மோல்ஸ் வெளிச்சவீடு கண்ணில் பட்டது. 1843இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

சம்னர் கீறிய அந்தக் கோடு ஒரு பெரும் வட்டத்தின் தொடலி. ஒரு குறிப்பிட்ட நொடியில் சூரியன் பூமியில் ஏதோ ஓரிடத்துக்கு நேர் உச்சியில் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் எல்லாருக்கும் சூரியன் ஒரே உயரத்தில் தெரியும். ஆகவே ‘சூரியன் இவ்வளவு உயரத்தில்’ என்ற அளவு நம்மை ஒரு வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கரையில் இரண்டு வெளிச்சவீடுகள் செய்த வேலையை இங்கே சூரியன் தனியாகச் செய்கிறது; வட்டம்தான் பல ஆயிரம் கிலோமீட்டர் அகலம்.

திருகோணமலைக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவில் ஒரு கப்பலை நிறுத்துவோம். அகலக்கோடு ஏறத்தாழ 8 பாகை 34 கலை வடக்கு. நாள், மார்ச் மாதத்துச் சம இரவு நாள். சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. அன்று சமன்பாடு மிகவும் எளிது. சூரியனின் ஏற்றக்கோணம் ஏ, கப்பலின் அகலக்கோடு அ, நண்பகலிலிருந்து சூரியன் நகர்ந்திருக்கும் கோணம் ம (மணிக்கு 15 பாகை) என்றால்:

சைன் ஏ = கோசைன் அ × கோசைன் ம

ஏ என்பது அளந்த எண், அது மாறாது. கப்பல் கிழக்கே நகர்ந்தால் ம கூடும். அப்போது ஏ மாறாமலிருக்க அ எவ்வளவு மாற வேண்டும்? வட்டத்துக்குச் செய்ததையே செய்கிறோம். வலப்பக்கத்தின் மொத்த மாற்றம் பூச்சியம்:

சைன் அ × கோசைன் ம × (அ-வின் மாற்றம்) + கோசைன் அ × சைன் ம × (ம-வின் மாற்றம்) = 0

ஆகவே படித்திறன் = −தான் ம ÷ தான் அ.

பிற்பகல் மூன்று மணி, சூரிய நேரப்படி. ம 45 பாகை. அதன் தான் 1. அகலக்கோட்டின் தான் 0.1506. படித்திறன் −6.6. அதாவது நெடுங்கோட்டில் ஒரு கலை கிழக்கே போனால் அகலக்கோட்டில் 6.6 கலை தெற்கே இறங்க வேண்டும். கோடு கிட்டத்தட்ட வடக்குத் தெற்காக நிற்கிறது. அந்த நேரத்தில் சூரியன் நேர் மேற்கிலிருந்து எட்டரைப் பாகை தெற்கே தள்ளித் தெரியும். கோடும் வடக்குத் தெற்குத் திசையிலிருந்து அதே எட்டரைப் பாகை சரிந்திருக்கும். சூரியன் இருக்கும் திசைக்குக் கோடு எப்போதும் செங்குத்து. ஆரைக்குத் தொடலி செங்குத்து என்ற அதே விஷயம்தான், உருண்டை மேல் நடக்கிறது.

நண்பகலில் ம = 0, படித்திறன் பூச்சியம்; கோடு கிழக்கு மேற்காகப் படுத்துவிடுகிறது. நண்பகல் அளவு அகலக்கோட்டைத் தரும், சூரியன் சாய்ந்திருக்கும்போது எடுக்கும் அளவு நெடுங்கோட்டைத் தரும் என்று மாலுமிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த வழக்கத்தின் காரணம் முழுவதும் இந்த ஒரு பின்னத்துக்குள் அடங்கியிருக்கிறது. இன்னும் ஒன்று. நண்பகல் கழிந்து 40 நிமிடத்தில் ம 10 பாகை, படித்திறன் −1.17. கோடு கிட்டத்தட்ட 50 பாகை திரும்பிவிட்டது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் நண்பகலையொட்டி சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. ஆகவே நம் பக்கத்துக் கடலில் முக்கால் மணி நேரத்துக்குள் எடுக்கும் இரண்டு அளவுகளே நன்றாக வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளைத் தந்துவிடும். டிசம்பரில் அயர்லாந்துக் கடலில் சூரியன் தெற்குத் தொடுவானத்தை விட்டு மேலே ஏறுவதே பெரும்பாடு. சம்னருக்கு இந்தச் சலுகை இல்லை.

வட்டத்துக்குப் பதிலாகத் தொடலியை வைத்துக்கொள்வது ஏமாற்று வேலையா? பார்க்கலாம். அந்தப் பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்பது கென்யாவுக்கு மேலே. வட்டத்தின் ஆரை 2,700 கடல் மைலுக்கு மேல். தொடுபுள்ளியிலிருந்து 30 கடல் மைல் தள்ளிப் போனாலும் தொடலி வட்டத்தை விட்டு விலகுவது ஏறத்தாழ 240 மீட்டர்தான். அலையில் ஆடும் கப்பலில் நின்று செக்ஸ்டன்ட் பிடிக்கும் கையின் பிழை இதைவிடப் பெரிது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் சென்-இலேர் 1875இல் இந்த உண்மையையே முறையாக்கினார். கப்பல் இருக்கக்கூடிய ஓரிடத்தை ஊகித்துக்கொள். அங்கே சூரியன் எவ்வளவு உயரத்தில் தெரிய வேண்டும் என்று கணி. அளந்த உயரத்தோடு ஒப்பிடு. ஒரு கலை வித்தியாசத்துக்கு ஒரு கடல் மைல். அளந்தது கூடுதலானால் சூரியனை நோக்கி, குறைவானால் எதிர்ப்பக்கமாக நகர்ந்து, சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தாக ஒரு கோடு கீறு. கடற்படைப் பாடசாலைகளில் வானைப் பார்த்து வழி காணக் கற்பிக்கும்போது இன்றும் இதே முறைதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த காலத்தில், நடுக்கடலில் ஒரு பாய்க்கப்பலுக்கு இடம் சொல்லச் சூரியனையும் நட்சத்திரங்களையும் விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஆனால் திருகோணமலையில் இந்த முறை காலை வாரிவிடும் நாட்கள் ஆண்டில் இரண்டு முறை வருகின்றன. ஏப்ரல் 11, 12 அளவிலும் ஓகஸ்ட் 31 அளவிலும் சூரியன் கோணேசர் கோயிலுக்கு நேர் உச்சியில் வருகிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய அந்த நாட்களில், நண்பகலில் சூரியன் 89 பாகை உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் ஆரை 60 கடல் மைலாகச் சுருங்கிவிடும். 30 கடல் மைல் தள்ளிப் போனால் தொடலி வட்டத்தை விட்டு 8 கடல் மைல் விலகிவிடுகிறது; கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். அந்தக் கோட்டை நம்பித் துறைமுக வாசலைத் தேடுகிறவர் வேறெங்கோ கரை தட்டுவார். அப்படிப்பட்ட நண்பகல்களில் மாலுமிகள் தொடலியை விட்டுவிட்டு, கவராயத்தை எடுத்து வட்டத்தையே வரைபடத்தில் கீறிவிடுவார்கள். சரியான செயல். கருவி எங்கே உதவாது என்று தெரிந்திருப்பதும் கருவியைத் தெரிந்திருப்பதில் ஒரு பகுதி.

சூரியன் அச்சொட்டாகத் தலைக்கு மேல் வரும் நொடியில் என்ன ஆகும்? எந்த நாளுக்கும் பொருந்தும் முழுச் சூத்திரத்தை எழுதிவிடுவோம். சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதைச் சா என்று குறித்தால், படித்திறனின் தொகுதி

கோசைன் அ × கோசைன் சா × சைன் ம

அதன் பகுதி

கோசைன் அ × சைன் சா − சைன் அ × கோசைன் சா × கோசைன் ம

சா-வைப் பூச்சியமாக்கினால் சம இரவு நாள் விடை திரும்ப வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இப்போது சூரியன் தலைக்கு மேல்: சா = அ, ம = 0. தொகுதி பூச்சியம். பகுதியும் பூச்சியம். சூத்திரம் வாய் மூடிக்கொள்கிறது. காரணம் எளிது. வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரே புள்ளியாகிவிட்டது. புள்ளிக்கு ஏது திசை? டேக்கார்ட்டின் இலையிலும் (0, 0) இல் இதே பூச்சியம் வகுத்தல் பூச்சியம் வருகிறது. அங்கே காரணம் வேறு: வளையி தன்னையே வெட்டிக்கொண்டு இரண்டு முறை அந்தப் புள்ளியைக் கடக்கிறது, ஒன்றுக்கு இரண்டு தொடலிகள், சூத்திரத்துக்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பூச்சியம் வகுத்தல் பூச்சியம் என்றால் ‘இங்கே நின்று கண்ணால் பார்’ என்று பொருள் கொள்ள வேண்டும்.

இன்று கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் கலங்களில் செக்ஸ்டன்ட் கிடையாது. ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் சென்-இலேர் உட்கார்ந்திருக்கிறார். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செய்மதியும் ஒரு தூரத்தைத் தருகிறது. தூரம் என்ற நிபந்தனை ஒரு கோளமாகிறது. கலத்தின் இடத்துக்கு மூன்று எண்கள், பெட்டியிலுள்ள கடிகாரத்தின் பிழைக்கு ஒன்று, ஆக நான்கு செய்மதிகளாவது வேண்டும். அந்தக் கோளங்கள் எங்கே வெட்டுகின்றன என்று பெட்டி நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஓரிடத்தை ஊகிக்கிறது, கோளங்களுக்குப் பதிலாக அவற்றின் தொடுதளங்களை வைத்துக் கணக்குப் போடுகிறது, கிடைத்த விடையைப் புதிய ஊகமாக்கி மறுபடி தொடங்குகிறது. கோளங்கள் அவ்வளவு பெரியவை என்பதால், ஊகம் 10 கிலோமீட்டர் பிழையாக இருந்தாலும் தொடுதளம் கோளத்தை விட்டு விலகுவது இரண்டு மூன்று மீட்டர்தான். பூமியின் மையத்தையே முதல் ஊகமாகக் கொடுத்தாலும் சில சுற்றுகளில் இடத்தைப் பிடித்துவிடும். படகோட்டிக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. திரையில் எண்கள் வந்தால் போதும்.

வாசகருக்கு ஒரு கணக்கு. ஜூன் 21ஆம் திகதி சா-வின் அளவு 23 பாகை 26 கலை. திருகோணமலையின் அ-வைவிட மிகப் பெரிது. மேலே எழுதிய பகுதியில் இரண்டையும் இட்டு, அது எந்த நேரத்தில் பூச்சியமாகிறது என்று தேடிப் பாருங்கள். காலை முதல் மாலை வரை தேடினாலும் கிடைக்காது. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் இறுதி வரை திருகோணமலையில் சூரியன் வடக்குப் பாதியை விட்டு இறங்குவதே இல்லை. அந்த நாலரை மாதமும் அது கீறும் கோடு எந்த நேரத்திலும் சரியான வடக்குத் தெற்காக அமையாது.